பூட்டை உடைத்துப் பார்த்துப் பூட்டுச் செய்தவர்

1918ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜெனீவா என்ற சிற்றூர். அங்கிருந்த ரிவர்பேங்க் ஆய்வகத்துக்கு ஐந்து சிறிய செய்திகள் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒருவர் புதிதாக வடிவமைத்த சங்கேதக் கருவியைக் கொண்டு எழுதப்பட்டவை அவை. போர்முனையில் அந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று நேச நாடுகள் நினைத்திருந்தன. ஒரே ஒரு கவலைதான். கருவி எதிரியின் கையில் சிக்கினால் அவனும் அதேபோல ஒன்றைச் செய்துகொள்வான், பிறகு அவனுடைய செய்திகளை நம்மால் படிக்க முடியாமல் போய்விடும் என்று அஞ்சினார்கள். அவ்வளவு வலுவான கருவி என்ற நம்பிக்கை.

ரிவர்பேங்க்கில் இருந்த 26 வயது இளைஞர் வில்லியம் ஃபிரீட்மனிடம் அந்தச் செய்திகள் தரப்பட்டன. கருவியில் இரண்டு எழுத்து வட்டங்கள். ஒவ்வொன்றிலும் எழுத்துகளின் வரிசையை ஒரு திறவுச்சொல் தீர்மானிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்த ஃபிரீட்மன் முதல் வட்டத்தின் திறவுச்சொல்லைப் பிடித்துவிட்டார். சங்கேதம் என்று பொருள்படும் ‘சைஃபர்’ என்ற ஆங்கிலச் சொல்தான் அது. சங்கேதக் கருவிக்குச் சங்கேதம் என்றே திறவுச்சொல்!

இரண்டாவது வட்டம் பிடிபடவில்லை. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த மனைவி எலிசபெத்தைக் கூப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார். தான் ஒரு சொல் சொல்வதாகவும், அதைக் கேட்டதும் மனத்தில் முதலில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் ‘சைஃபர்’ என்றார். எலிசபெத் ‘மெஷின்’ என்றார். இயந்திரம். அதுதான் இரண்டாவது திறவுச்சொல். ஐந்து செய்திகளும் சுமார் மூன்று மணி நேரத்தில் உடைந்தன. அவற்றில் ஒன்று, இந்தச் சங்கேதத்தை யாராலும் உடைக்கவே முடியாது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தது.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2018ல், சிங்கப்பூரின் பொதுச் சுகாதாரக் குழுமமான சிங்ஹெல்த்தின் கட்டமைப்புக்குள் ஊடுருவிகள் நுழைந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடினார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கை பல குறைகளைப் பட்டியலிட்டது. நிர்வாகி கணக்கு ஒன்றின் மறைச்சொல், ‘பாஸ்வர்ட்’ என்ற சொல்லிலேயே ஓரிரு எழுத்துகளை மாற்றி அமைத்ததாக இருந்தது என்பதும் அவற்றில் ஒன்று. அரசாங்கக் கட்டமைப்புகளிலிருந்து தகவல் எப்படிக் கசிகிறது என்று கேட்பவர்கள் ஃபிரீட்மனின் வாழ்க்கையைப் படிப்பது வீண் வேலையாகாது.

அவர் பிறந்தது 1891 செப்டம்பர் 24ல், அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில். இன்று அது மால்டோவாவின் தலைநகர் சிசினாவ். யூதக் குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் வோல்ஃப். குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து பிட்ஸ்பர்க்கில் தங்கியது. வோல்ஃப், வில்லியம் ஆனார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது மரபியல். சங்கேதத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பணக்காரர் ஜார்ஜ் ஃபேபியன் தம் சொந்தச் செலவில் நடத்திய ரிவர்பேங்க் ஆய்வகம், பயிர்களை ஆராய ஒரு மரபியலாளரைத் தேடியது. அப்படித்தான் 1915ல் ஃபிரீட்மன் அங்கே போனார். அதே வளாகத்தில் வேறொரு கூட்டம், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எழுதியவர் பிரான்சிஸ் பேக்கன் என்றும், அவர் தம் பெயரை அச்செழுத்துகளுக்குள் சங்கேதமாக ஒளித்துவைத்தார் என்றும் நிரூபிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பணிக்கு வந்தவர்தான் எலிசபெத் ஸ்மித். படம் எடுத்துக்கொடுத்து உதவப் போன ஃபிரீட்மனுக்குச் சங்கேதத்தின் மீதும் எலிசபெத்தின் மீதும் ஒரே நேரத்தில் ஈர்ப்பு ஏற்பட்டது. 1917 மே மாதம் திருமணம் நடந்தது. பேக்கன் கொள்கையில் இருவருக்குமே நம்பிக்கை போய்விட்டது. 40 ஆண்டுகள் கழித்து இருவரும் சேர்ந்து ஒரு நூல் எழுதி அதை முறையாகத் தகர்த்தார்கள்.

பேக்கன் உண்மையிலேயே ஒரு சங்கேத முறையைக் கண்டுபிடித்தவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டே இரண்டு வகை அடையாளங்கள் இருந்தால் போதும். ஐந்தைந்தாக அடுக்கினால் எந்த எழுத்தையும் குறிக்கலாம். இன்று கணினி சுழியத்தையும் ஒன்றையும் வைத்துச் செய்வது ஏறக்குறைய இதையே. 1918ல் ரிவர்பேங்க்கில் பயிற்சி பெற்ற ராணுவ அதிகாரிகளை வரிசையாக நிற்கவைத்து ஒரு குழுப்படம் எடுத்தார்கள். சிலர் கேமராவைப் பார்க்கிறார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். சும்மா பார்த்தால் ஒழுங்கில்லாத படம். ஐந்தைந்து பேராக எண்ணிப் படித்தால் அறிவே ஆற்றல் என்று பொருள்படும் ஆங்கில வாசகம் வரும். ஆள் போதாததால் கடைசி எழுத்து மட்டும் விட்டுப்போனது. பிற்காலத்தில் ஃபிரீட்மன் தம் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருந்த படம் அது.

அமெரிக்கா போரில் இறங்கியபோது அந்நாட்டு அரசாங்கத்திடம் சங்கேதம் உடைக்கத் தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை. கடிதங்கள் ரிவர்பேங்க்குக்கு வந்தன. அவற்றில் ஒரு கட்டு, அமெரிக்காவிலிருந்து இந்திய விடுதலைக்குப் போராடிய கதர் இயக்கத்தோடு தொடர்புடையது. 1915 சிங்கப்பூர் சிப்பாய்க் கலகத்தின் வரலாற்றைப் படித்தவர்களுக்குக் கதர் என்ற பெயர் புதிதல்ல. அந்தக் கடிதங்கள் முழுக்க எண்கள். ஒரு புத்தகத்தின் பக்கம், வரி, எழுத்து ஆகியவற்றை எண்களால் சுட்டும் முறை. எந்தப் புத்தகம் என்று தெரியாமலேயே, எண்கள் திரும்பத் திரும்ப வந்த விதத்தை வைத்து ஃபிரீட்மன் கடிதங்களைப் படித்துவிட்டார். சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் சாட்சியமும் அளித்தார். நம்மில் பலருக்கு இந்த இடத்தில் மனம் மறுபக்கம் சாயும். அது இயல்புதான். ஆனாலும் அவர்கள் மாட்டிக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. புத்தகம் சிக்கவில்லை. யாரும் காட்டிக்கொடுத்ததால் அந்தக் கடிதங்கள் உடையவில்லை. ஒரே பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிய சோம்பல் போதுமாக இருந்தது.

பிரான்சில் போர்க்காலப் பணியை முடித்துத் திரும்பிய ஃபிரீட்மன், ஒரு சிறிய ஆய்வு நூலை எழுதினார். ஆங்கில உரை எதை எடுத்தாலும், அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எழுத்துகளை எடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு சுமார் 6.7 விழுக்காடு. அர்த்தமின்றி இறைத்த எழுத்துகளில் அது 3.8 விழுக்காடுதான். இந்தச் சின்ன வேறுபாடு எங்கேயாவது தலைகாட்டினால், குழப்பத்தின் அடியில் மொழி ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதுவரை புதிர் விளையாட்டாக இருந்த ஒன்றைப் புள்ளியியலாக மாற்றிய நூல் என்று அதைச் சொல்வார்கள்.

1921ல் அவர் வாஷிங்டனில் ராணுவச் சமிக்ஞைப் பிரிவில் சேர்ந்தார். வேலை இரட்டை வேலை. அமெரிக்க ராணுவத்துக்குச் சங்கேதங்களைச் செய்துகொடுக்க வேண்டும். மற்றவர்களுடையதை உடைக்கவும் வேண்டும். என் பார்வையில் ஃபிரீட்மனின் பெருமை இந்த இரண்டையும் ஒருவரே செய்ததில்தான் இருக்கிறது. இன்று அரசாங்கங்கள் தங்கள் கட்டமைப்பைத் தாங்களே தாக்கிப் பார்க்கச் சொல்லி ஆட்களை அமர்த்துகின்றன. அவர் அதைத் தனியாளாகச் செய்துகொண்டிருந்தார்.

எட்வர்ட் ஹெபர்ன் என்ற கலிஃபோர்னியாக்காரர் மின்சாரத்தில் இயங்கும் சங்கேத இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதில் ஐந்து சுழல் சக்கரங்கள். ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் சக்கரம் நகர்ந்து மின்பாதையே மாறிவிடும். அமெரிக்கக் கடற்படைக்கு அதன்மேல் ஆசை. ஃபிரீட்மன் பத்துச் செய்திகளைக் கேட்டு வாங்கினார். வாரக்கணக்கில் போராடி வென்றார். ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? வாகனத்தில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் முழுச்சுற்றுச் சுற்றிய பிறகே அடுத்தது ஒரு படி நகரும். ஹெபர்னின் சக்கரங்களும் அப்படி ஒழுங்காக நகர்ந்தன. அந்த ஒழுங்குதான் அவரிடம் இயந்திரத்தைக் காட்டிக்கொடுத்தது.

எனவே, சக்கரங்கள் ஒழுங்கில்லாமல் நகர வேண்டும் என்று முடிவு செய்தார். துளையிட்ட காகித நாடா ஒன்று சக்கரங்களை இயக்கும்படி ஓர் இயந்திரத்தை வடிவமைத்து, 1933ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரே நாடாவைத் தயாரித்து, யார் கண்ணிலும் படாமல் கொண்டுசேர்ப்பது யார்? அந்த நாடாக்களைச் செய்யும் சலிப்பூட்டும் வேலை ஃபிராங்க் ரோலெட்டின் தலையில் விழுந்தது. 1930ல் ராணுவத்துக்கெனத் தனிச் சமிக்ஞைப் புலனாய்வுப் பிரிவு தொடங்கியபோது, ஃபிரீட்மன் வேலைக்கு எடுத்த மூன்று இளம் கணித ஆசிரியர்களில் ஒருவர் அவர். நாடா செய்து அலுத்துப்போன ரோலெட்டுக்கு ஒரு யோசனை வந்தது. சக்கரங்களை நகர்த்த இன்னொரு தொகுதிச் சக்கரங்களையே வைத்தால் என்ன? ஃபிரீட்மன் முதலில் காதுகொடுத்தே கேட்கவில்லை. ரோலெட் விடாமல் நச்சரித்த பிறகுதான் அதன் அருமையைப் புரிந்துகொண்டார். மேதைகளுக்கும் தங்கள் கண்டுபிடிப்பின் மீது ஒரு பிடிவாதம் இருக்கும் போலும்.

கடற்படையின் பொறியாளர்களும் சேர்ந்து வளர்த்தெடுத்த அந்த இயந்திரத்துக்கு ராணுவம் வைத்த பெயர் சிகாபா. மொத்தம் 15 சக்கரங்கள், ஐந்தைந்தாக மூன்று தொகுதிகள். இரண்டாம் உலகப் போரில் சுமார் 10,000 இயந்திரங்கள் பயன்பட்டன. ஜெர்மனியின் எனிக்மாவும் ஜப்பானின் சங்கேதங்களும் உடைந்த அதே போரில், சிகாபாவை யாரும் உடைத்ததாகத் தகவல் இல்லை.

வடிவமைப்பு மட்டும் அதற்குக் காரணமல்ல. இயந்திரம் பிடிபட்டாலும் செய்தி பிடிபடக் கூடாது, பாதுகாப்பு முழுவதும் அடிக்கடி மாறும் திறவுகோலில் இருக்க வேண்டும் என்ற கொள்கையில் அது கட்டப்பட்டது. அப்படியிருந்தும் இயந்திரத்தைக் கண்ணின் இமைபோலக் காத்தார்கள். நெருங்கிய நட்பு நாடான பிரிட்டனுக்குக்கூட அதைக் கொடுக்கவில்லை. 1945 பிப்ரவரியில் பிரான்சின் கோல்மார் நகரில், சிகாபாவை ஏற்றிய லாரி ஒன்று தெருவில் ஆளின்றி நிறுத்தப்பட்டிருந்த நேரத்தில் காணாமல் போனது. ராணுவத் தலைமை கதிகலங்கியது. வாரக்கணக்கில் தேடல் நடந்தது. கடைசியில் பெட்டகங்கள் ஆற்றில் கிடந்தன. திருடனுக்கு வேண்டியிருந்தது லாரி. கனமான பெட்டிகளை அவன் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போயிருந்தான். உலகின் மிக வலுவான சங்கேத இயந்திரத்துக்கு வந்த பெரிய ஆபத்து, பூட்டாமல் விட்ட ஒரு வாகனத்தால் வந்தது.

அதற்கு முன்பே, உள்ளே இருந்தவராலேயே ஏற்படும் கசிவையும் ஃபிரீட்மன் பார்த்துவிட்டார். ஹெர்பர்ட் யார்ட்லி என்பவர் 1920களில் அமெரிக்காவின் ரகசியச் சங்கேத உடைப்பு அலுவலகத்தை நடத்தியவர். 1929ல் அரசாங்கம் அதை மூடியது. வேலையிழந்து பணமுடையில் சிக்கிய யார்ட்லி, ஜப்பானின் சங்கேதங்களை உடைத்த கதை உட்பட எல்லாவற்றையும் 1931ல் புத்தகமாக வெளியிட்டார். ஜப்பான் விழித்துக்கொண்டது. ஃபிரீட்மனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். அலுவலகத்தை மூடியவர்கள், அங்கே வேலை செய்தவரின் தலைக்குள் இருந்த ரகசியங்களுக்கு என்ன ஏற்பாடு என்று யோசிக்கவில்லை. ஊழியர் விலகிய பிறகும் அவருடைய கணக்கை மூட மறக்கும் அலுவலகங்கள் இன்றும் உண்டு.

ஜப்பான் தன் சங்கேதங்களைப் பலப்படுத்தியது. 1939ல் அதன் தூதரகங்களுக்குப் புதிய இயந்திரம் வந்தது. அமெரிக்கர்கள் அதற்குச் சூட்டிய பெயர் ‘பர்ப்பிள்’. ஃபிரீட்மனின் குழு ஒன்றரை ஆண்டு அதோடு மல்லுக்கட்டியது. 1940 செப்டம்பரில் ஜெனிவீவ் குரோட்ஜன் என்ற இளம்பெண் எழுத்துக் குவியலுக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தார். யாரும் பார்த்தே இராத அந்த இயந்திரத்தைப் போலவே ஒன்றைத் தொலைபேசி நிலையப் பாகங்களைக் கொண்டு செய்து முடித்தார்கள்.

சில மாதங்களில் ஃபிரீட்மன் உடைந்துபோனார். 1941 தொடக்கத்தில் மனநலச் சிகிச்சைக்காக வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சுமார் மூன்று மாதம் இருந்தார். ராணுவப் பதவி பறிபோனது. பொதுப்பணி ஊழியராகவே தொடர்ந்தார். மனச்சோர்வு பின்னர் வாழ்நாள் முழுவதும் விட்டுவிட்டு வந்தது. வேலையில் என்ன நடக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாது. வீட்டிலிருந்த மனைவியோ கடலோரக் காவல்படைக்காகக் கடத்தல்காரர்களின் சங்கேதங்களை உடைத்த வல்லுநர். நாட்டிலேயே இந்தத் துறையை நன்கு அறிந்த இருவர் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், தங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். ரகசியத்தைக் காக்க மனிதர்கள் கொடுக்கும் விலையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1952ல் தேசியப் பாதுகாப்பு முகவை உருவானபோது அதன் மூத்த சங்கேத நிபுணராக இருந்தார். 1955ல் ஓய்வு பெற்றார். ரகசியமாக வைத்திருந்ததால் தம் கண்டுபிடிப்புகளை விற்றுப் பணம் பார்க்க முடியாமல் போனதற்கு ஈடாக, 1956ல் அமெரிக்க நாடாளுமன்றம் அவருக்கு 100,000 டாலர் வழங்கியது.

இந்த இடத்தில் கதை கொஞ்சம் இருட்டாகிறது. சுவிட்சர்லாந்திலிருந்து உலக நாடுகளுக்குச் சங்கேத இயந்திரங்களை விற்ற போரிஸ் ஹாகெலின், ஃபிரீட்மனின் நெருங்கிய நண்பர். எந்த நாடு எந்த இயந்திரத்தை வாங்குகிறது என்பது போன்ற விவரங்களை அமெரிக்காவுக்குத் தரும்படி, 1950களில் இருவருக்கும் இடையே ஓர் இணக்கம் உருவானதை 2015ல் வெளியான ஆவணங்கள் காட்டின. பின்னர் 1970ல் அந்த நிறுவனத்தையே அமெரிக்க, மேற்கு ஜெர்மானிய உளவுத்துறைகள் ரகசியமாக வாங்கிவிட்டன என்பது 2020ல் ஊடகங்களில் அம்பலமானது. வாடிக்கையாளர் பட்டியலில் இந்தியாவும் பாகிஸ்தானும் இருந்தன. இந்தோனேசியாவும் மலேசியாவும் இருந்தன. தகவல் கசியாமல் இருக்கக் காசு கொடுத்து வாங்கிய பெட்டியே கசிந்தது. பூட்டு எவ்வளவு உறுதி என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர், பூட்டை விற்றவன் யார் என்று கேட்க வேண்டிய நிலையையும் உருவாக்கிவிட்டுப் போனார். இதற்காக அவரைக் குறைசொல்லலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். தம் நாட்டுக்கு அவர் உண்மையாக இருந்தார் என்பதில் வேறுபாடு இல்லை.

அந்த நாடு அவரை நடத்திய விதம் வேறு. 1958 டிசம்பர் இறுதியில் தேசியப் பாதுகாப்பு முகவையின் ஆட்கள் வாஷிங்டனில் இருந்த அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தாள்களில் தேடி, ஒரு தொகுதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவற்றில் முதல் உலகப் போர்க் காலத்துப் பழைய பாடங்களும் இருந்தன. புதிய விதிப்படி அவை ரகசியமாக்கப்பட்டுவிட்டன என்பது விளக்கம். எல்லாவற்றுக்கும் ரகசிய முத்திரை குத்தினால் உண்மையான ரகசியத்துக்கு மதிப்புக் குறையும் என்பதை அந்த நிறுவனத்திலேயே மற்றவரைவிட நன்றாக அறிந்தவர் அவர். மனம் புண்பட்டார். ஆனால் எதிர்த்துப் புத்தகம் எழுதவில்லை. யார்ட்லியாக மாற அவரிடம் விஷயமும் இருந்தது, காரணமும் இருந்தது. அவர் மாறவில்லை. எஞ்சிய தாள்களை வர்ஜீனியா மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் உள்ள ஜார்ஜ் மார்ஷல் நூலகத்துக்கு எழுதிவைத்தார். பிற்காலத்தில் அங்கும் அதிகாரிகள் வந்து சிலவற்றைப் பூட்டிவைத்தார்கள்.

1969 நவம்பரில் ஃபிரீட்மன் காலமானார். 1933ல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை, அவர் இறந்து 31 ஆண்டுகள் கழித்து, 2000ல் வழங்கப்பட்டது. அவரைப் பற்றிய 52,000க்கும் மேற்பட்ட பக்கங்களை முகவை 2015ல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டது.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவருடைய கல்லை வடிவமைத்தவர் எலிசபெத். பழைய குழுப்படத்தில் இருந்த அதே பேக்கன் வாசகத்தை அதில் பொறிக்கச் செய்தார். 1980ல் அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். வந்து பார்த்தவர்கள் வாசகத்தைப் படித்துவிட்டுப் போனார்கள். அதன் சில எழுத்துகளுக்கு மட்டும் முனையில் சிறு கொம்பு இருப்பதும், சிலவற்றுக்கு இல்லாததும் 2017ல்தான் ஓர் ஆய்வாளரின் கண்ணில் பட்டது. ஐந்தைந்தாக எண்ணிப் பார்த்தபோது கிடைத்தவை மூன்று எழுத்துகள். வில்லியம் ஃபிரெடரிக் ஃபிரீட்மனின் முதலெழுத்துகள்.